கிராணியின் பேனா வந்த வழி

பொழுது புலருமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விளக்கு எரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நிற்பார்கள். மேற்பார்வை பார்க்கும் கங்காணி பெயர் கூப்பிடக் கூப்பிட, தோட்டத்துக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். அந்தப் புள்ளி விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. லின்சம், லாபு, சுவா பெத்தோங், பிராட்வால், தானா மேரா என்று மலாயாவின் நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டமானாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காலை இப்படித்தான் தொடங்கியது. வரிசையில் நின்றவர்களின் பேச்சில் சேலமும் திருச்சியும் தஞ்சையும் வட ஆர்க்காடும் ஒலித்தன. புத்தகத்தைப் பிடித்திருந்தவரின் தமிழ் பல தோட்டங்களில் வேறாக இருந்தது. ‘வந்திட்டினம்’, ‘போயிட்டினம்’ என்பார் அவர். யாழ்ப்பாணத்து ஆள்.

வாளி பிடித்தவரும் தமிழர், பேனா பிடித்தவரும் தமிழர். தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டுக்கும் கிராணி வீட்டுக்கும் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் ஒரு வீட்டுப் பிள்ளை சிரம்பான் நகரில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனது, மற்ற வீட்டுப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் மரத்தடிக்குப் போனது. இந்த இடைவெளி தோட்டத்தில் பிறந்ததல்ல. அதன் வேரைத் தேடினால் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய ஒரு சிறிய தனியார் கல்லூரியின் வாசலில் போய் நிற்போம்.

அந்தக் கல்லூரியைக் கட்டியவர்கள் அமெரிக்கர்கள். நியூ இங்கிலாந்தில் வில்லியம்ஸ், டார்ட்மவுத், மிடில்பரி என்று சிறிய கல்லூரிகள் இருந்தன. குறைந்த மாணவர்கள், சில ஆசிரியர்கள், கிரேக்கமும் கணிதமும் தத்துவமும் வானியலும் ஒரே கூரையின் கீழ். தொழிலுக்கு ஆள் தயாரிப்பதைவிட மனிதனின் அறிவை விரிவாக்குவதே அவற்றின் நோக்கம். 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் மழைக்கு ஒதுங்கிய ஒரு வைக்கோற்போர் அருகே செய்த ஜெபத்திலிருந்து வெளிநாட்டு மிஷன் எண்ணம் வளர்ந்தது. 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் உருவாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அவர்களுக்கு இடம் கொடுக்கத் தயங்கியது, இலங்கை ஆளுநர் பிரவுன்ரிக் கொடுத்தார். 1816இல் டேனியல் பூவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் குடியேறினார். அவர் டார்ட்மவுத்தில் படித்தவர். ஏழு ஆண்டுகள் கழித்து, தான் படித்ததைப் போல ஒன்றை வட்டுக்கோட்டையில் எழுப்பினார். கல்லூரி என்ற தகுதியை வழங்கக் காலனி அரசு முன்வரவில்லை. ஆகவே ‘செமினரி’ என்ற பெயரோடு அது நடந்தது.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்றும் வியப்பு வரும். நன்னூலும் குறளும் ஒரு பக்கம், யூக்ளிடும் இயற்கணிதமும் மறுபக்கம், இடையில் சமஸ்கிருதம், ஆங்கிலம், தருக்கம், வானியல். அமெரிக்காவில் ஒரு பையனின் செலவை ஏற்றவர் தன் பெயரையோ தனக்குப் பிரியமானவர் பெயரையோ அந்தப் பையனுக்குச் சூட்டலாம் என்பது ஏற்பாடு. அதனால்தான் கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற விசித்திரமான கலப்புப் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றில் நிற்கின்றன. தன் பிள்ளையின் பெயரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஒரு தாய் அவனுக்குப் படிப்பு வாங்கினாள் என்பதை நினைக்கையில் மனம் கொஞ்சம் கனக்கிறது.

1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் அந்தக் கல்லூரியின் கதையில் பெரிய நாள். அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கிரகணம் தொடங்கும் நேரத்தையும் மறையும் அளவையும் கணித்திருந்தார். பூவரின் கணக்கு வேறாக இருந்தது. ஊர் கூடி வானத்தைப் பார்த்தது, பூவரின் கணக்கு ஒத்துப்போயிற்று. மிஷனரிகள் இதை மதவெற்றியாகக் கொண்டாடினர். அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: கோள்களின் ஓட்டத்தைப் பற்றி ஒரு கிராமமே பந்தயம் கட்டியதுபோல் காத்திருந்தது. அடுத்து முதல்வரான ஹொய்சிங்டன் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர். அவர் உள்ளூர் வானியலையே கற்று அதைப் பற்றி நூல் எழுதினார், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மதம் மாற்ற வந்தவரே சைவ சித்தாந்தத்தின் மாணவரான விந்தை அது.

1841இல் செமினரியில் படித்தவர்கள் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று சொல்லப்படும் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை இல்லையென்றால் கலித்தொகை அச்சேற இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது.

இவ்வளவும் செய்த கல்லூரியை 1855இல் மூடினார்கள். பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சனின் பார்வை வேறு. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் சபைக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள், இனி தாய்மொழிக் கல்வியே போதும் என்றார் அவர். அதே 1855 பிப்ரவரியில் டேனியல் பூவர் மானிப்பாயில் காலராவில் இறந்தார். அந்த இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக மீண்டும் கதவு திறந்தது. இம்முறை உள்ளூர்க் கிறிஸ்தவர்கள்தான் ‘எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும்’ என்று முன்னின்றனர்.

ஆண்டர்சன் கண்டது உண்மைதான். ஆங்கிலம் யாழ்ப்பாணத்தில் ஒரு பயிராகிவிட்டது. செமினரியில் படித்தவர்கள் ஊர்ஊராகப் பள்ளி நடத்தினர். அமெரிக்க மிஷன், வெஸ்லியன், சர்ச் மிஷன் பள்ளிகளோடு போட்டியிட்டு சைவர்களும் பள்ளி கட்டினர், யாழ்ப்பாண இந்துக் கல்லூரி 1890இல் எழுந்தது. சின்னஞ்சிறு குடாநாட்டில் படித்தவர்கள் பெருகினர், நிலமும் உத்தியோகமும் பெருகவில்லை. அவர்கள் கப்பலேறினர்.

அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று சுங்கை ஊஜோங், இன்றைய சிரம்பானைச் சுற்றிய நாடு. இலங்கையில் 1869 தொடங்கிக் காப்பி இலைநோய் பரவியபோது, அங்கிருந்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து காடு வெட்டிக் காப்பி நட்டனர். தாமஸ் ஹெஸ்லப் ஹில் அவர்களில் ஒருவர். 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய சார்லஸ் ஸ்பூனர் மலாயாவுக்கு வந்து பின்னர் கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் தலைவரானார். கணக்கெழுத, தந்தி அடிக்க, நிலையம் பார்க்க அவருக்குத் தெரிந்த ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு ஓர் எட்டுதான். காப்பி போய் கித்தா என்ற ரப்பர் வந்தபோது ஆபீஸ் மேசையில் அவர்கள் உட்கார்ந்திருந்தனர். மலையாளிகளும் உட்கார்ந்திருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அதே ஆண்டுகளில் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து லயங்களை நிரப்பினர். 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி அவர்களின் கப்பல் செலவைக் கொடுத்தது. 1938இல் இந்திய அரசு அந்த வரத்தைத் தடுத்தது. இவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வட்டுக்கோட்டையின் வகுப்பறையிலோ பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகள்தான் இருந்தனர். கடல் தாண்டியும் அந்த வகுப்பறையின் சுவர் கூடவே வந்தது. கிராணி வீட்டுக் கிணற்றிலும் கோயில் திருவிழாவிலும் அதன் நிழல் விழுந்தது.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது எது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். சட்டம் பள்ளி என்றது. தோட்டம் காட்டியது பல இடங்களில் அத்தாப்பு ஓலைக் கொட்டகையை, லயத்தின் ஒரு காலி அறையை. ஆசிரியர், கொஞ்சம் எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியோ தொழிலாளியோ. பிள்ளைகள் காலையில் பெற்றோருக்கு உதவியாகப் பால் எடுக்கப் போய், மிச்ச நேரத்தில் படித்தனர். அதற்குமேல் போக வழி இல்லை. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது, பள்ளிக் கட்டணமும் பஸ் செலவும் கூலிக்கு எட்டாதவை. அந்த நிலையிலும் கொட்டகையைப் பள்ளியாக்கி ஐம்பது ஆண்டு காத்த தோட்டத்து ஆசிரியர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

கிராணிகளின் நிலையும் முழுச் செழிப்பல்ல. துரையின் பங்களாவுக்குள் அவர்களும் அழைப்பின்றிப் போக முடியாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டினர், தங்கைமாருக்குச் சீதனம் அனுப்பினர், ஓய்வுக்குப் பின் ‘மலாயன் பென்சன்காரர்’ என்ற பட்டத்தோடு ஊர் திரும்பினர். நன்னூலும் வானியலும் சேர்த்துப் படிக்கத் தொடங்கிய ஒரு மரபு, செக்ரோலில் புள்ளி வைப்பதில் வந்து முடிந்ததைப் பூவர் கண்டிருந்தால் வருந்தியிருப்பார் என்றே தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிரம்பானில் வேறொரு குரல் எழுந்தது. பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் பணியைத் தொடங்கி, 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். கூலிக்காகப் போராடிய அந்தச் சங்கம் பின்னாளில் கிள்ளான் துறைமுகத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு தொழில்நுட்பக் கழகமும் அமைத்தது. 1984இல் மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சி (ம.இ.கா.) ஏற்படுத்திய எம்.ஐ.இ.டி. கல்வி அறவாரியத்தின் டேஃப் கல்லூரி சிரம்பானிலேயே எழுந்தது. இரண்டும் கைத்தொழிலும் தொழில்நுட்பமும் கற்றுத் தந்தவை, பல குடும்பங்களை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவை. இலக்கியமும் தத்துவமும் வானமும் சேர்ந்த படிப்பு மட்டும் தோட்டத்துப் பிள்ளைக்கு வட்டுக்கோட்டை வழியாகவும் வரவில்லை, சிரம்பான் வழியாகவும் வரவில்லை.

இன்று நெகிரி செம்பிலானின் நீலாயில் கித்தாவும் செம்பனையும் நின்ற நிலத்தில் தனியார் பல்கலைக்கழகங்கள் எழுந்திருக்கின்றன. இன்டியும் நீலாய் பல்கலைக்கழகமும் அங்கேதான். மலேசியத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் அமெரிக்கப் பட்டத்தின் முதல் ஆண்டுகளை உள்ளூரிலேயே படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போகலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வட்டுக்கோட்டைக்கு வந்த பாதையில் பிள்ளைகள் எதிர்த்திசையில் போகிறார்கள். நீலாயிலிருந்து சற்றுத் தூரத்தில், லாபுவிலும் ரந்தாவிலும் போர்ட்டிக்சனிலும், தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டு தமிழ்ப்பள்ளிகள் காலையில் மணி அடிக்கின்றன. சிலவற்றைச் சுற்றித் தோட்டமே இல்லை, தாமான் என்ற குடியிருப்பு வீடுகள்தான். பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புள்ளி விழுகிறது.