வாரம் ஒரு பை காய்கறி: பங்கு முறைக் காய்கறித் தோட்டம்

மலாக்காவின் பழைய லயங்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. கத்தரி, வெண்டை, பயத்தங்காய், மரவள்ளி, ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை. பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் அங்கே பறித்ததுதான் மாலைக் குழம்புக்குப் போனது. இது முதலாளிகளின் தயவால் மட்டும் கிடைத்ததல்ல. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலத்தைப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது ஏறக்குறைய 2,700 சதுர அடி. ஜப்பானியர் காலத்தில் அரிசி இல்லாதபோது பல குடும்பங்களைக் காப்பாற்றியது இந்தக் கொல்லையில் விளைந்த மரவள்ளிக்கிழங்குதான்.

1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து தொடங்கியது மலாக்காவின் ரப்பர் தோட்ட வரலாறு. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் செம்பனையானது, சில இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலிருந்து பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வேலையோடு கொல்லையையும் இழந்தார்கள். இன்று கீரைக்கட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியுள்ளது. அந்தக் கொல்லையைப் பல குடும்பங்கள் சேர்ந்து மீட்டுக்கொள்ளும் வழிதான் பங்கு முறைத் தோட்டம்.

பங்கு முறை என்றால் என்ன?

சில குடும்பங்கள் ஒரு பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே தோட்டக்காரரிடம் கொடுத்துவிடும். விதை, எரு, கூலி எல்லாம் அதிலிருந்து நடக்கும். விளைந்ததை வாரம் ஒருமுறை சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். விளைச்சல் கூடினால் பை நிறையும், குறைந்தால் எல்லாருக்கும் குறையும். நட்டம் தோட்டக்காரர் தலையில் மட்டும் விழாது என்பதே இதன் உயிர்நாடி.

ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் இப்படிக் கைகோத்தார்கள். அமெரிக்காவில் 1986இல் இது தொடங்கியது. நம்மவர்களுக்கும் கூட்டுப் பங்கு புதிதல்ல. துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 குடும்பங்கள் மாதம் 40 வெள்ளி வீதம் மூன்று மாதத்துக்குக் கட்டினால் 1,440 வெள்ளி சேரும். கால் ஏக்கர் நிலத்தில் தொடங்க இது கைகொடுக்கும். பணம் கட்ட முடியாத குடும்பம் வாரம் சில மணி நேர வேலையைப் பங்காகத் தரலாம்.

வாரந்தோறும் அறுவடை

ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஒரு வாரம் கீரை குவியும், மறுவாரம் பை காலியாக இருக்கும். முளைக்கீரையும் கங்குங்கும் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். ஆகவே வாரம் இரண்டு பாத்தி வீதம் விதைத்தால் ஐந்தாம் வாரத்திலிருந்து கீரை தட்டாது. வெள்ளரிக்கு ஏறத்தாழ 40 நாள், வெண்டைக்கும் பயத்தங்காய்க்கும் 50 நாள், பாகலுக்கு 60 நாள், கத்தரிக்கு நடவிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் மாதம் பையில் கீரை மட்டுமே இருக்கும் என்பதைப் பங்குதாரர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். பாகல் பிஞ்சுக்குக் காகிதப் பை கட்டினால் பழ ஈ அண்டாது. கீரையை வெயில் ஏறும் முன் பறித்து, ஈரச் சாக்கில் நிழலில் வைத்தால் மாலை வரை வாடாது. பிரித்துக் கொடுக்கக் கோயில் வாசலோ சமூக மண்டபமோ வசதியான இடம்.

வெயில் மாதங்கள்

மலாக்காவில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே மழைநீரைப் பீப்பாய்களில் சேர்த்துவைப்பது அவசியம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாத்திகளை லாலான் புல்லாலோ செம்பனை வெறுங்குலையாலோ மூடினால் ஈரம் நிற்கும். நாற்றுகளுக்கு நிழல் வலை தேவை. இந்த மாதங்களில் சாவி போன்ற மென்மையான கீரைகளைக் குறைத்து, வெயில் தாங்கும் வெண்டை, பயத்தங்காய், பசளி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

நிலம்

இதுதான் பெரிய சிக்கல். காலி நிலம் என்று நினைத்து வேலி போட்டுவிட்டு, பிறகு மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போது அழுவதில் பயனில்லை. தனியார் நிலமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அரசு நிலமானால் மாவட்ட நில அலுவலகத்தில் தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த உரிமம் அந்தந்த ஆண்டு இறுதியோடு முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். ஆகையால் அத்தகைய நிலத்தில் பல ஆண்டு மரங்களை நம்பிப் பணம் போடாமல் குறுகிய காலப் பயிரோடு நிற்பதே நல்லது. குடியிருப்புச் சமூகத் தோட்டங்களுக்கு விவசாய இலாகா ஆலோசனை வழங்குகிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பணக் கணக்கையும் பறிப்புக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதி, வாரந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். கூட்டு முயற்சிகள் பல பூச்சியால் கெடுவதில்லை, சந்தேகத்தால் கெடுகின்றன.

கொல்லையில் மண் கிளறிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அடுக்குமாடியின் நான்காவது மாடியில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எந்தக் கீரை எந்த மாதம் வரும் என்பது தெரியும். தோட்டம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.