ரேடியோ இல்லாமல் புறப்பட்டவர்கள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். "இந்தத் தடவை பிள்ளைகளும் படிக்கிற மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனவே வான்வழிப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, மும்பை லோஹார் சாலில் நாற்பது வருஷமாக மின்விளக்குச் சாமான் விற்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி இல்லை. ஒரு கடன் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. 1979 கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து மும்பைக்கு வந்திருந்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஜூஹு கடற்கரைக்குப் போய்விட்டு, பக்கத்தில் உள்ள சிறு விமான நிலையத்தின் வேலி ஓரமாக நின்று, குட்டி விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தோம். இதை நான் ஓட்ட முடியுமா என்று கைச்சாடையில் கேட்டான். முடியாது, கோபுரத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழ வேண்டும் என்று நானும் சாடையிலேயே சொன்னேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்பது முப்பது வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு அமெரிக்க விமானிகள் கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

நாங்கள் நின்ற அதே ஜூஹுவில்தான் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையுடன் வந்து இறங்கினார். கராச்சியில் காலையில் கிளம்பி, அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பிற்பகலில் பம்பாய். பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தனவாம்! அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். ஒற்றை எஞ்சின் 'பஸ் மாத்' விமானம், ரேடியோ கிடையாது. நம்ம ஊருக்கு வந்த முதல் டாட்டா விமானத் தபால், வழியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வந்த தபால்.

அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. 1927-ல் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்த லிண்ட்பெர்கும் ரேடியோ எடுத்துப் போகவில்லை. அந்த எடைக்குப் பெட்ரோல் ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. திறந்த மைதானத்தில் யாரும் யாரையும் கேட்காமல் கிளம்பிவிடலாம். ஒரே மைதானத்தில் நாலைந்து விமானங்கள் சேர்ந்தபோதுதான், யார் முதலில் என்ற கேள்வி வந்தது. கோபுரமும் வந்தது.

இங்கிலாந்து ரேடியோவோடு தொடங்கியது. லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டனில் 1920-ல் கட்டியதுதான் உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்பார்கள். அங்கே பணி செய்த ஜிம்மி ஜெஃப்ஸ் என்பவருக்குத்தான் 1922-ல் அந்தத் தொழிலின் முதல் உரிமம் கிடைத்தது. ஆபத்தில் இருக்கும் விமானி சொல்லும் 'மேடே' என்ற சொல்லும் குராய்டனில் பிறந்ததே. அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு, 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து அதை உண்டாக்கினார்.

அமெரிக்கா தொடங்கியது கொடியோடு. செயின்ட் லூயிஸ் நகரின் லாம்பர்ட் மைதானத்தில் 1929-ல் ஆர்ச்சி லீக் என்ற இளைஞரை வேலைக்கு வைத்தார்கள். அவருக்குக் கோபுரமே இல்லை. காலையில் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, குறிப்பு நோட்டு, தண்ணீர், மதியச் சாப்பாடு, இரண்டு கொடிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் கோடிக்குப் போவார். சிவப்புக் கொடி காட்டினால் நில், கட்டம் போட்ட கொடி காட்டினால் போ. (கார் பந்தயத்தில் கட்டக்கொடி என்றால் பந்தயம் முடிந்தது என்று அர்த்தம். பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெயிலுக்குப் பெரிய குடை, குளிருக்குக் கனத்த அங்கி. நடைபாதை வியாபாரிக்கும் அவருக்கும் கடை விரிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றும். அந்த மனிதர் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, வான் போக்குவரத்துத் துறையின் மேல்நிலை வரை உயர்ந்து 1973-ல் ஓய்வு பெற்றார்.

1930-ல் கிளீவ்லாண்டு நகரக் கோபுரத்தில் ரேடியோ வைத்தார்கள். கோபுரத்தில் வைத்தால் போதுமா? சின்ன விமானம் வைத்திருப்பவனும் அல்லவா வாங்க வேண்டும்? அன்றைய ரேடியோ கனமானது, விலையும் அதிகம். ஆகவே கொடி போன இடத்தில் விளக்கு வந்தது.

இந்த விளக்கைப் பற்றி மட்டும் வியாபாரி என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு பல்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் இறைக்கும். கோபுரத்தில் கூரையிலிருந்து தொங்கும் விளக்குத் துப்பாக்கி அப்படியல்ல. உள்ளே பிரதிபலிப்பான், முன்னே பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மாற்றத்தக்க நிறம். ஒளி ஊசிபோல் ஒரே திசையில் குத்தும். அந்த ஒரு விமானத்தை மட்டும் குறிபார்த்து அடிக்கலாம். பக்கத்தில் நிற்கும் விமானி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே!

மொழி மிகச் சிறியது. தரையில் நிற்கும் விமானத்துக்கு நிலையான பச்சை காட்டினால் புறப்படலாம். விட்டுவிட்டு எரியும் பச்சைக்கு ஓடுபாதை நோக்கி நகரலாம். நிலையான சிவப்புக்கு நில். விட்டுவிட்டு எரியும் சிவப்புக்கு ஓடுபாதையை விட்டு விலகு. விட்டுவிட்டு எரியும் வெள்ளைக்குக் கிளம்பிய இடத்துக்கே திரும்பு. வானில் இருப்பவருக்கு இதே நிறங்களுக்கு வேறு பொருள். அங்கே நிலையான பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. விமானி பதில் சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். பகலில் தரையில் நின்றால் இறக்கையின் பின்னோரத்துப் பலகையையோ வால் சுக்கானையோ அசைக்க வேண்டும். பறந்துகொண்டிருந்தால் இறக்கைகளையே ஆட்டிக் காட்ட வேண்டும். இரவில் முன்விளக்கை இரண்டு முறை போட்டு அணைக்க வேண்டும்.

1944-ல் சிகாகோவில் கூடிய நாடுகள் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பை உருவாக்கின. இந்தியாவும் அங்கே கையெழுத்திட்டது. அந்த அமைப்பின் வான் விதிகளில் இந்த விளக்கு அட்டவணை இன்றும் இருக்கிறது. ஆர்ச்சி லீக் கொடி மடங்கிவிட்டது, அவருடைய 'நில், போ' மடங்கவில்லை.

இப்போது நான் படித்த கையேட்டுக்கு வருகிறேன். கோபுரம் உள்ள அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் சிறு விமானம் நிற்கிறது. கிளம்பும் முன்பே ரேடியோ கெட்டுப்போய்விட்டது, கேட்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. என்ன செய்வது? முதலில் பழுது பார்க்க முயல வேண்டும். முடியாவிட்டால் கோபுரத்துக்குத் தொலைபேசியில் பேசி, ரேடியோ இல்லாமல் புறப்பட அனுமதி கேட்க வேண்டும். இல்லை என்று சொல்லக் கோபுரத்துக்கு உரிமை உண்டு. நெரிசலான பெரிய நிலையங்களில் இந்த அனுமதி எளிதில் கிடைக்காது. சரி என்றால், புறப்பாட்டு விவரங்களை அப்போதே சொல்லிவிடுவார்கள். பிறகு விமானி கோபுரத்தைப் பார்த்தபடி விளக்குக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆக, பேச வேண்டியதையெல்லாம் சக்கரம் உருளும் முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள். அதன்பின் கோபுரம் ஆம், இல்லை என்ற அளவுக்குத்தான் பேச முடியும். குறையையும் கையேடு மறைக்கவில்லை. விமானி அந்த நேரம் கோபுரத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம், விளக்கால் விளக்கம் சொல்ல முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குரல் காதைத் தேடி வரும். ஒளியைக் கண்தான் தேடிப் போக வேண்டும்.

ரேடியோ இல்லாமல் கிளம்பியவர்களில் உலகமே கொண்டாடியவர் டக்ளஸ் காரிகன். 1937-ல் அட்லாண்டிக் கடக்க அனுமதி கேட்டார், விமானம் தகுதியில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1938 ஜூலை 17 விடியற்காலை, கலிஃபோர்னியா போவதாகச் சொல்லி நியூயார்க்கின் ஃபிளாய்டு பென்னெட் மைதானத்திலிருந்து புறப்பட்டார். கலிஃபோர்னியா மேற்கே இருக்கிறது. கிழக்கு நோக்கி ஏறியவர் திரும்பவேயில்லை. ரேடியோ இருந்தால், "எங்கே போறீங்க?" என்று கேட்டிருப்பார்கள். 28 மணி 13 நிமிடம் கழித்து அயர்லாந்தில் டப்ளின் அருகே இறங்கி, காம்பஸைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்றார். கடைசிவரை அதே கதைதான்! தண்டனை, 14 நாள் உரிம நிறுத்தம். கப்பலில் ஊர் திரும்புவதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. நியூயார்க்கில் காகிதத் துண்டுகள் பறக்க ஊர்வலம் வைத்தார்கள்.

படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த ஊர்வலத்தில் சம்மதமில்லை. கோபுரத்துக்குக் குரல் எட்டாததைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டவர் அவர். கேட்க முடியாததனாலேயே விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்துப் பறப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர்வலம் யாரும் வைக்கவில்லை.

காது கேளாத விமானிகளைச் சொல்கிறேன். 1911-ல் அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு முதன்முதலாக விமானத்தில் கடந்த கால் ராட்ஜர்ஸ், சிறு வயதில் வந்த விஷக்காய்ச்சலால் செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். செப்டம்பர் 17-ல் நியூயார்க்கில் கிளம்பி, தண்டவாளங்களையே வழியாகப் பார்த்துப் பறந்து, பலமுறை விழுந்து எழுந்து, நவம்பர் 5-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனா போய்ச் சேர்ந்தார். 1928-ல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் முதல் பெண் விமானியான நெல்லி வில்ஹைட் குழந்தைப் பருவத்திலேயே காது கேளாமல் போனவர். அவருக்கு அவர் அப்பா ஒரு விமானமே வாங்கிக் கொடுத்தார். மகளிடம் முடியாது என்று சாடை காட்டாத அப்பா!

இன்றும் அமெரிக்காவில் காது கேளாதவர் விமானி உரிமம் பெறலாம். ரேடியோ கட்டாயமான பயணங்களுக்கு இது செல்லாது என்ற ஒரு வரி அந்த உரிமத்தில் இருக்கும். அந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்குரிய விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் கோபுரம் உள்ளவை சுமார் 500 மட்டுமே. மற்றவற்றில் கண்ணை நம்பி வந்து போகலாம். கோபுரம் உள்ள நிலையத்துக்குப் போக வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு விளக்கைப் பார்க்க வேண்டும். ரேடியோ கெட்டுப்போனவருக்கு என்ன வழியோ, அதே வழிதான் ரேடியோவைக் கேட்க முடியாதவருக்கும். கோபுரத்தில் இருப்பவர் இருவருக்கும் ஒரே விளக்கைத்தான் காட்டுகிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்த விளக்கு அட்டவணையைத் தமிழில் எழுதி எடுத்துப் போனேன். தம்பிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோத்து, பிறகு கம்ப்யூட்டரும் கற்று, ஓய்வு பெற்றுவிட்டான். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தான். 1979-ல் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கீழே எழுதிக் காட்டினேன். அதற்கு அவன் பதில் எழுதவில்லை. பேனாவை வாங்கி, மழையில் விளக்கு தெரியாதே, அப்போது? என்று எழுதினான்.

மேகம் தாழ்ந்து பார்வைத் தூரம் குறைந்தால் கண்ணால் பார்த்துப் பறக்க விதி இடம் தராது, அன்று கிளம்பக் கூடாது என்று எழுதினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, நம்ம ஊரில் வருஷத்தில் பத்து மாதம் வெயில்தான் என்று எழுதிவிட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.