தார்ப்பாயும் படங்கும்

தார்ப்பாய் என்ற தூய தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயன் 'டார்பாலின்' என்று கொண்டு போனான் என்று மேடையேறிச் சொல்கிறார்கள், கைதட்டலும் விழுகிறது. கட்டுமரம் போனது உண்மை. சுருட்டு போனதும் உண்மை. தார்ப்பாய் போகவில்லை, வந்தது.

'டார்' வடஐரோப்பியரின் பழஞ்சொல். பைன் மரத்தைச் சுட்டு வடித்தெடுத்த கரிய குழம்பு அது. பின்னால் நிற்பது, போர்வையைக் குறித்த 'பால்' என்ற இலத்தீன் வழிச் சொல் என்பதே அகராதிக்காரர் கொள்கை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கிலத்தில் வழங்கியது. தார் பூசிய துணியோடு கிடந்த மாலுமிக்கே 'டார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் இலக்கியத்தில் தார் என்றால் மாலை. குறள் 767இல் பகைவரின் முன்னணிப் படை. கரிய குழம்பாக அது எங்கும் வரவில்லை. ஆனால் பாய் நம்முடையது. புறநானூற்று 30ஆம் பாட்டின் 'மீப்பாய்' கப்பலின் மேற்பாய்தான். துறைமுகத்தில் அந்நியச் சொல்லின் வாலைக் கேட்ட தமிழன் அதில் பாயைக் கேட்டான். அவ்வளவே நடந்தது.

இலங்கையில் நாம் சொல்லும் தறப்பாள் இன்னும் நேர்மையான சொல். தமிழ் வேடம் போடவில்லை. 'தரையில் விரிப்பதால் தரைப்பாய், அதுவே தறப்பாள்' என்பாருக்கு ஒரே பதில்: அது தரையில் கிடப்பதைவிடத் தலைக்கு மேல் நிற்பதே அதிகம். ஈற்றில் லகரம் ஏன் ளகரமானது? தாழ்ப்பாள் என்ற வீட்டுச் சொல் வாயில் முன்பே இருந்தது. புதுச்சொல் அந்த அச்சில் விழுந்திருக்கலாம். இது என் ஊகம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையில் தறப்பாள் என்ற சொல்லை அறியாத பிள்ளை இல்லை. இலங்கையில் கடல் அதிகம் பேரைக் கொண்டுபோனது இந்த மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நெடுகிலும் குடும்பங்கள் கூடாரத்திலும் தறப்பாளின் கீழும் கிடந்தன. நிவாரண நிறுவனங்களின் தறப்பாள் பெரும்பாலும் 4 மீற்றருக்கு 5 அல்லது 6 மீற்றர். நடுவில் பிளாஸ்டிக் நாரில் நெய்த துணி, இரு புறமும் மெல்லிய படலம். மழைக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. உச்சி வெயிலில் அதன் கீழ் இருந்தவர்களுக்கு அதன் குறையும் தெரியும்: புழுக்கத்தை வெளியே விடாது.

இங்கேதான் படங்கு என்ற நம் பழஞ்சொல்லுக்கு வேலை இருக்கிறது. கல்முனைக் கடைத்தெருவில் வயற்காரர் ஒருவர், "காக்கா, நெல்லுக் காயப்போட ஒரு படங்கு தாங்க" என்று கேட்டால், விவரமறிந்த கடைக்காரர் கூரைக்குக் கட்டும் பளபளப்பான நீலத் தறப்பாளை எடுக்கமாட்டார். படலம் பூசியதில் நெல்லை விரித்தால் அடிப்புறம் ஈரம் தேங்கும். கிளறாமல் விட்டால் மேல்மணி சுடும், அடிமணி வியர்க்கும். அப்படிக் காய்ந்த நெல் ஆலையில் குறுணையாக உடையும். முன்பு சாக்குகளைப் பிரித்துச் சாக்கூசியால் மூட்டி எடுத்த சாக்குப் படங்கு ஈரத்தை உறிஞ்சி மூச்சு விட்டது. களவெட்டியில் சூடு மிதித்த காலத்திலும் பொலி சிந்தாமல் காத்தது அதுதான். இன்று வாங்குகிறவர் நெசவை விரலால் தடவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கட்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் நெல்லுக்கு நல்லது, கூரைக்கு ஆகாது. கூரைக்கு வாங்குகிறவர் கரையை மடித்துக் கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா, கண்களின் வளையம் இறுகியிருக்கிறதா என்று பார்க்கட்டும். கச்சான் காற்றில் முதலில் கிழிவது கண்தான்.

லொறிக்கும் தோணிக்கும் கேட்பது கித்தான். இதைக் 'கான்வாஸ்' என்பதன் திரிபு என்பாரோடு பேச்சில்லை. ஆளிநார்த் துணியைக் குறித்த அரபுக் 'கத்தான்', பாரசீகமும் உருதும் கடந்து நம்மிடம் வந்தது. பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' வேறு. இரண்டுக்கும் எழுத்தே வேறு என்பது ஓதப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். கித்தான் உராய்வைத் தாங்கும். ஆனால் நனைந்தபடி சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்து இற்றுப்போகும்.

படங்குக்கு வருவோம். வடமொழிப் 'பட' என்பதன் கிளை என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் படாத்தைப் பார்க்கட்டும். புறநானூறு 141இல் பேகன் மயிலுக்குக் கொடுத்தது படாம். குறள் 1087இல் யானையின் கண்ணை மூடுவது கட்படாம்.  இரண்டும் மேலே படர விடும் துணி. பாம்பு எடுப்பதும் படம், அதுவும் விரிவதே. படர், படாம், படம், படங்கு என்று ஒரு வரிசை தோன்றுகிறது. கொடியும் படரும், படங்கும் படரும். வேர் படர்தலே என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் சம்மாந்துறை வட்டைக்கு ஒரு அறுவடைக் காலத்தில் வந்து, நாலு பேர் நாலு மூலை பிடித்துப் படங்கை உதறி விரிப்பதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.