திருமலைராயன்பட்டினம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் கடலோர ஊர், கொம்யூன் பஞ்சாயத்து. காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் சாலையில் நிரவியைத் தாண்டியதும் வருவது. பேச்சில் டி.ஆர். பட்டினம். காவிரியின் கிளையான திருமலைராஜனாறு இவ்வட்டாரத்தில் கடல் சேர்கிறது. மேற்கே வயல்; கிழக்கே மணற்கரையில் பட்டினச்சேரி மீனவர் குடியிருப்பு.

ஊருக்கும் ஆற்றுக்கும் பெயர் தந்தவன் 15ஆம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில், இப்பகுதியை ஆண்ட திருமலைராயன். அவனைவிடப் புகழ்பெற்றவர் அவன் அவைக்கு வந்த காளமேகப் புலவர். அவைப்புலவர் அதிமதுர கவிராயர் முன் எமகண்டம் என்னும் கடும் கவிப்போட்டியில் பாடி வென்றும் மதிக்கப்படாத காளமேகம், ஊரில் மண்மாரி பொழியச் சபித்தார் என்பது கதை. ஆற்றுமுகத்து ஊரை மண் மூட வெள்ளமும் புயற்காற்றும் போதும். ஆனால் ஊரார் பழியைப் புலவர் மேல்தான் போடுகிறார்கள்.

1739இல் காரைக்காலில் கால்பதித்த பிரெஞ்சுக்காரர் பின்னர் இவ்வூரையும் பெற்றனர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது.

இவ்வூர்த் தெய்வமான ஆயிரங்காளியம்மன் பெட்டியிலேயே இருப்பவள். ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வெளியே எழுந்தருள்வாள். அப்போது பழம், பூ, பலகாரம் என வரிசைப் பொருள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் படைக்கப்படும். மாசிமகத் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இக்கடற்கரைக்கு வருகிறார். தாயார் பத்மினி மீனவர் குலத்துப் பெண் என்பதால் பட்டினச்சேரியார் பெருமாளை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்து, பட்டு சாத்தி, தோளில் சுமந்து செல்கின்றனர்.

இயற்கை எரிவாயுவில் இயங்கும் 32.5 மெகாவாட் மின்நிலையமும் இங்குள்ளது.