பட்டறைக் குழியும் கார் லிஃப்டும்

காருக்கு அடியில் வேலை பார்க்க வேண்டுமானால் ஆள் கீழே இறங்க வேண்டும். இல்லையேல் கார் மேலே ஏற வேண்டும். மோட்டார் வாகனத்தின் தொடக்கக் காலத்தில் இறங்கியவர் ஆள்தான். பட்டறைத் தரையில் வெட்டிய நீளக் குழிக்குள் நின்றபடி, தலைக்கு மேல் இருந்த ஆக்ஸிலுக்கு மெக்கானிக் கிரீஸ் அடித்தார். குழிக்குச் செலவு குறைவு, ஆபத்து அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்ததெல்லாம் குழிக்குள் இறங்கித் தேங்கும். கைவிளக்கிலிருந்து ஒரு பொறி தெறித்தால் போதும். இதற்கு மாற்றாகச் சாய்தளங்களும் கட்டப்பட்டன. ஆனால் அவற்றின் மேல் காரை நேராக ஏற்றி நிறுத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி, 1925இல் ஹைட்ராலிக் கார் லிஃப்டுக்குக் காப்புரிமை பெற்றார். முடிதிருத்தும் நாற்காலி உயர்ந்து தாழ்வதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். ஹைட்ராலிக் தத்துவம் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜோசஃப் பிராமா அதைக் கொண்டு 1795லேயே அழுத்த இயந்திரம் செய்திருந்தார். லுனாட்டி அதைப் பட்டறைத் தரைக்குள் புதைத்தார். கம்ப்ரஸர் காற்று ஆயிலை அழுத்தும். ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காரைத் தூக்கும். அவர் தொடங்கிய ரோட்டரி லிஃப்ட் நிறுவனம் இன்றும் இத்தொழிலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில், ஒற்றைத் தூணில் காரைத் தூக்கி அடிப்பாகத்தில் தண்ணீர் பீய்ச்சுவதும் இந்தக் குடும்பத்து லிஃப்டைக் கொண்டுதான். அமெரிக்க லிஃப்ட் தயாரிப்பாளர்கள் 1945இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1947இல் முதல் பாதுகாப்புத் தரவிதி வந்தது.

ஒற்றைத் தூணின் செல்வாக்கைக் குறைத்ததில் கார் வடிவமைப்பு மாறியதற்குப் பெரும் பங்கு உண்டு. பழைய கார்களைச் சேஸியிலோ ஆக்ஸிலிலோ தாங்கித் தூக்கலாம். முன்சக்கர இயக்கமும், சேஸி தனியாக இல்லாத ஒரே கூடாக அமைந்த உடலும் 1970களிலும் 80களிலும் பரவியபோது, சக்கரங்கள் தொங்கவும் நடுப்பகுதி திறந்திருக்கவும் வேண்டியதாயிற்று. ஆனால் அந்த நடுவில்தான், கியர்பாக்ஸையும் சைலன்சர் குழாயையும் மறைத்துக்கொண்டு, தூண் நின்றது. புதைந்த உருளை துருப்பிடித்து ஆயில் மண்ணில் இறங்குவது இன்னொரு தலைவலி. இருபுறமும் தூண் நிறுத்தி, நான்கு கரங்களால் காரை ஏந்தும் டூ போஸ்ட் லிஃப்ட் பட்டறைகளைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் குழி தோண்ட வேண்டியதில்லை. தரையில் போல்ட் போட்டு நிறுத்தினால் போதும். லிஃப்ட் வீட்டுக்குள் நுழைந்தது இந்த வசதியால்தான்.

புதைத்த உருளையைச் சுற்றியிருந்த மண்ணே அது சாயாமல் பிடித்துக்கொண்டது. டூ போஸ்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் காங்கிரீட் தளத்தின் மேல் விழுகிறது: தூணைச் சாய்க்கப் பார்க்கும் விசை ஆங்கர் போல்ட்களைப் பிடுங்க முயலும். ஆகவே வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது லிஃப்டின் விலைப்பட்டியலை அல்ல, தன் ஷெட்டின் தரையை. சுமார் 4.5 டன் தூக்கும் லிஃப்ட்களுக்குக் குறைந்தது 4 அங்குலக் கனமும் 3000 பிஎஸ்ஐ வலிமையும் கொண்ட காங்கிரீட்டைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்கிறார்கள். புதிதாகப் போட்ட தளம் 28 நாள் இறுக வேண்டும். விரிசலுக்கும் இணைப்புக் கோட்டுக்கும் அருகில் போல்ட் இறக்கக்கூடாது. சில அமெரிக்க வீடுகளின் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் உண்டு. தெரியாமல் துளையிட்டு அவற்றை அறுத்தால் தளமே பலமிழக்கும்.

அடுத்தது உயரம். தூண்களின் தலையை இணைக்கும் குறுக்குச் சட்டம் உள்ள வகைக்குச் சுமார் 12 அடி கூரை வேண்டும். அமெரிக்க வீட்டு கராஜ்களில் பலவற்றுக்கு 8 அல்லது 9 அடிதான். கேபிளைத் தரைத் தகட்டுக்கு அடியில் ஓட்டும் வகை அங்கே பொருந்தும். ஆனால் கார்க் கூரை வீட்டுக் கூரையைத் தொடுமிடத்தில் ஏற்றம் நின்றுவிடும். ஒரு காரின் மேல் இன்னொன்றை நிறுத்தி இடம் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு ஃபோர் போஸ்ட் ஏற்றது: கார் சக்கரங்களிலேயே நிற்கும், தரையும் அவ்வளவு சோதிக்கப்படாது. ஆனால் சக்கரம் கழற்ற அதில் தனி ஜாக் தேவை. பிரேக் வேலையே அதிகம் பார்ப்பவர் தாழ்வான சிசர் லிஃப்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கராஜ் கதவின் தண்டவாளமும் மோட்டாரும் தலைக்கு மேல் இருப்பதைப் பலர் லிஃப்ட் வந்திறங்கிய பிறகே கவனிக்கிறார்கள்.

நிறுவும்போது தூண்களைத் தூக்குக்குண்டால் சரிபார்த்து, தேவையான இடத்தில் எஃகுத் தகடு செருகி, போல்ட்களை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்குவார்கள். இருபுறமும் சமமாக ஏறும்படி கேபிள்களைச் சரிசெய்ய வேண்டும்; இரு தூண்களின் பூட்டுகளும் ஒரே உயரத்தில் விழ வேண்டும். முதல் காரைத் தரையிலிருந்து சில அங்குலம் மட்டும் தூக்கி, அசைத்துப் பார்த்த பிறகே மேலே ஏற்றுவது வழக்கம். காரைத் தூக்குவது ஆயில் என்றாலும், வேலை நடக்கும்போது தாங்குவது எஃகுப் பூட்டுதான். ஏற்றிய காரைச் சற்றே இறக்கி அதன்மேல் உட்கார வைக்காமல் யாரும் அடியில் போகக்கூடாது. பட்டறை லிஃப்ட்களுக்குத் தரவிதி சொல்லும் ஆண்டுச் சோதனையை வீட்டுக்கு வந்து யாரும் செய்வதில்லை. போல்ட்களின் இறுக்கத்தையும் கேபிள் பிரியையும் உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும்.