தோட்டமும் பட்டாவும்

கிறித்தவ ஆன்மிக எழுத்தில் தோட்டம் நன்கு பழகிய உவமை. விவிலியம் ஏதேனில் தொடங்குகிறது. இயேசு கலங்கி மன்றாடிய கெத்சமனியும் தோட்டம்தான். உயிர்த்தெழுந்த காலையில் அவரைக் கண்ட மகதலேனா மரியாள், தோட்டக்காரர் என்றே எண்ணினார். விதைப்பவர், கடுகு விதை, காய்க்காத அத்திமரம் என அவருடைய உவமைகளும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. பொறுமை, களையெடுத்தல், கிளை நறுக்குதல், பருவத்துக்குக் காத்திருத்தல் ஆகிய பாடங்களை இவற்றிலிருந்து நாம் எளிதில் பெற்றுக்கொள்கிறோம். அவை மெய்யான பாடங்களே. ஆயினும் தோட்டம் போடுகிறவருக்கு மண் இருக்கிறது என்பதை அவை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. மண் இல்லாதவருக்குத் தோட்டம் எதைக் கற்பிக்கும்? இக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம் சிங்கப்பெருமாள் கோயில்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், செங்கல்பட்டுக்குச் சற்று முன்னதாக, பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற ஊர் இது. பாறைக் குன்றுகளும் ஏரிப் பாசன வயல்களும் கலந்து கிடந்த நிலப்பகுதி. இதன் அருகே மெல்ரோசாபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் செங்கல்பட்டு மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒடுக்கப்பட்ட கிறித்தவக் குடும்பங்களுக்காக உருவாக்கிய வேளாண் குடியிருப்பு அது. அவர் ஏன் போதனையோடு நின்றுவிடாமல் நிலத்தைத் தேடிப் போனார் என்பதை அன்றைய செங்கல்பட்டின் நிலை விளக்கும்.

1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் வாழ்க்கையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மிராசு முறை வேரூன்றிய மாவட்டம் அது. தரிசு நிலத்தைத் தர்க்காஸ்தில் கேட்டாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே இருந்தது. வயலில் உழைத்த படியாள் கடனால் கட்டுண்டிருந்தார். அவர் குடிசை நின்ற மண்ணையும் மிராசுதார் தமதென்று கோர முடிந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. மரம் நடுவது வருங்காலத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை. நாளை வெளியேற்றப்படக்கூடியவர் வாசலில் எந்தக் கன்றை நடுவார்? அவரிடம் சென்று பொறுமையின் பலனைப் போதிப்பது அறமாகுமா? ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் இம்மக்களுக்காகத் தர்க்காஸ்து மனுக்களை எழுதியதும், அரசிடம் வாதாடியதும் இந்த நெருக்கடியால்தான். 1892 செப்டம்பர் 30இல் வெளியான அரசாணைகளின் வழியே, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் முறை தொடங்கியது. அந்நிலமே பின்னர் பஞ்சமி நிலம் எனப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அதை விற்கக்கூடாது, பிறகும் பிற சாதியினருக்குக் கைமாற்றக்கூடாது என்பது விதி.

இந்த வரலாற்றோடு விவிலியத்தைப் படித்தால், அதன் தோட்டங்கள் வேறாகத் தெரிகின்றன. நாபோத்தின் திராட்சைத் தோட்டம், அரசன் ஆகாபின் காய்கறித் தோட்டத்துக்காகப் பறிக்கப்பட்டது. தாம் நட்டதன் கனியைப் பிறர் உண்ணாத நாளையே ஏசாயா கனவு கண்டார். அத்திமர உவமையில் மரத்தை வெட்டச் சொல்பவர் உரிமையாளர். இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி மன்றாடி, கொத்தி எருவிடுவதாகச் சொல்பவர் கூலிக்கு உழைக்கும் தோட்டக்காரர். அங்கே பொறுமை, நிலமில்லாதவர் நிலமுடையவரிடம் வைக்கும் கோரிக்கையாக இருக்கிறது.

ஆண்ட்ரூவின் திருச்சபைக்கும் நிலமின்மை புதிதன்று. 1843இல் அது ஸ்காட்லாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்தபோது, நிலக்கிழார் சிலர் கோயில் கட்ட இடம் தர மறுத்தனர். மக்கள் திறந்தவெளியில் வழிபட்டனர்.

எனினும் இதை மிஷனரிகளின் புகழ்மாலையாக முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை. மிராசுதாரின் பிடியிலிருந்து விடுபட்டு மிஷனின் நிழலுக்கு வந்தவருக்கு, அந்நிழல் எவ்வளவு சொந்தம்? காப்பாளரின் தயவில் நிற்கும் தோட்டமும் தயவின் தோட்டமே.

அரசு தந்த நிலத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. மாமல்லபுரத்துக்கு அப்பால் அதிகத் தொலைவில் இல்லாத காரணை என்னும் ஊரில், கைமாறிய பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினர். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அறிக்கை எழுதப்பட்டு நூறாண்டு கடந்த பின்னும், அதே மாவட்டத்தில் ஒரு துண்டு மண்ணுக்கு விலை உயிராக இருந்தது.

இன்று சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் பெருகியிருக்கின்றன. மாடித் தொட்டியில் துளசியோ ரோஜாவோ வளர்த்து, அதில் இறைவனின் பொறுமையைக் கண்டு மகிழ்பவர்கள் நம்மில் பலர். அம்மகிழ்ச்சி தூயதுதான். ஆனால் ஏதேனில் மனிதனுக்கு இடப்பட்ட பணி, பயிரிடுவதோடு காப்பதும் ஆகும். நம் செடிக்கு நீர் ஊற்றும்போதே, நடுவதற்கு மண் கேட்டு நிற்பவரின் மனுவையும் நம்மால் காக்க முடிந்தால், தோட்டத்தின் பாடத்தை முழுமையாகக் கற்றவராவோம்.