இன்ஜீல் என்னும் சொல்

மண்ணூர்பேட்டையில் நம் அண்டை வீட்டினரான கிறித்தவப் பெரியவர் ஒருவர் சில நாள்களுக்கு முன் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். தங்களிடம் சுவிசேஷங்கள் நான்கு இருக்க, திருக்குர்ஆன் இன்ஜீல் என ஒன்றையே கூறுவது ஏன் என்பதே அது. விடை தேடப் புகுந்த நாம் கிரேக்க நாடுவரை செல்ல நேர்ந்தது.

இன்ஜீலை அரபு வேரிலிருந்து பிறந்த சொல்லென நிறுவ முயன்ற இலக்கணவாணர் உண்டு. அது வலிந்து கொண்ட முயற்சி என ஸமக்ஷரீ (இறப்பு கி.பி. 1144) தம் 'கஷ்ஷாஃப்' விரிவுரையில் ஒதுக்கிவிட்டார். 'எவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லே அதன் மூலம். எத்தியோப்பிய மொழியின் 'வங்கேல்' வாயிலாக அரபு நாட்டை அடைந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர்.

அக்கிரேக்கச் சொல்லின் பழம்பொருள் சுவையானது. ஹோமரின் காவியத்தில் அது செய்தியன்று. நற்செய்தி கொணர்ந்தவனுக்கு அளிக்கும் பரிசு. செய்தி என்ற பொருள் பின்னர் வந்தது. கி.மு. 9ஆம் ஆண்டைச் சார்ந்த பிரியீனிக் கல்வெட்டு, அகஸ்தஸ் சீசரின் பிறந்தநாளை உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கம் எனப் புகழ்கிறது. பேரரசன் புகழுக்கு உரித்தான அச்சொல்லை, அவன் ஆட்சிக்குட்பட்ட எளியோர் இறைவனின் செய்திக்கு உரியதாக்கினர். என்னே துணிவு!

தமிழிலும் இத்தகைய கதை ஒன்றுண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலில் 'மாராயம்' என்பது வேந்தன் வீரனுக்கு அளிக்கும் சிறப்பு. பின்னாளில் அது மகிழ்ச்சிச் செய்தியாயிற்று. நம் குர்ஆன் தமிழாக்கங்கள் சில 'புஷ்ரா'வை 'நன்மாராயம்' எனப் பெயர்ப்பதை வாசகர் அறிவர்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். முதல் நூற்றாண்டின் நடுவில் பவுல் எழுதிய கடிதங்களில் எவாங்கெலியோன் நூலன்று. வாயால் அறிவிக்கப்படும் செய்தி, அதுவும் ஒருமையில். நூல்களைப் பன்மையில் அவ்வாறு குறிப்பதை இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டினிடம் காண்கிறோம். நான்கு நூல்களின் பழைய கிரேக்கத் தலைப்புகளும் 'மத்தேயுவின்படி', 'மாற்குவின்படி' என்றே அமைந்தவை; செய்தி ஒன்று, சொல்வோர் நால்வர். திருக்குர்ஆனிலும் இன்ஜீல் வரும் 12 இடங்களிலும் ஒருமையே.

இத்துடன் வழக்கு தீர்ந்ததென நாம் கூறமாட்டோம். ஈஸா நபி (அலை) அவர்களுக்கு இறைவன் அருளியது இன்ஜீல் என்பது நம் ஈமான் (5:46). இயேசுவைப் பற்றிய செய்தியே சுவிசேஷம் என்பது அவர்தம் நம்பிக்கை. வேற்றுமை இங்குதான், எண்ணிக்கையில் அன்று. இதைப் பெரியவரிடம் கூறினோம். அவர் உள்ளே சென்று தம் பழைய வேதாகமத்தைக் கொணர்ந்து, மாற்குவின் முதல் வசனத்தை விரலால் தொட்டுப் படித்தார். அங்கும் சுவிசேஷம் ஒருமையிலேயே இருந்தது.